சாகக் கிடந்த டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினேன்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் நான் ஒருவன்தான் சிஸ்டம் அட்மின். அறுபது பேர் வேலை செய்யும் ஆபீஸ், ஒரு லினக்ஸ் சர்வர், அதில் டேட்டாவுக்கென்று 4 டெராபைட் டிஸ்க் ஒன்று. பையர்கள் அனுப்பும் டெக் பேக் (ஆடையின் விவரக் குறிப்பு), அளவு அட்டவணை, பேட்டர்ன் ஃபைல்கள், சாம்பிள் போட்டோக்கள் எல்லாம் சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியாக அந்த டிஸ்க்கில்தான் சேரும். ஏழு வருஷத்து வேலை அதில் இருந்தது. போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது படுத்துவிட்டது. அதற்குப் பிறகு போன ஃபைல்களில் பாதிக்கு மேல் டிஸ்க் தானாகத் தொலைத்தவை இல்லை, நான் என் கையால் அழித்தவை. அன்று ராத்திரி இணையத்தில் தேடியபோது எனக்குக் கிடைத்த பதில்கள் எல்லாமே "எஃப்எஸ்சிகே-வை ‘-ஒய்’ கொடுத்து ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்றுதான் இருந்தன. எஃப்எஸ்சிகே (fsck) என்பது லினக்ஸில் ஃபைல் சிஸ்டத்தை, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, சோதித்துத் திருத்தும் கட்டளை. இப்போதைக்கு ஓட்டாதே என்று ஒருவராவது எழுதியிருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்தேன். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "அண்ணா, ஃபைல் சேவ் ஆக மாட்டேங்குதுங்க, ரீட் ஒன்லினு வருது." கெர்னல் லாக்கைத் திறந்தேன். அதில் இரண்டு வகை வரிகள் கலந்து கிடந்தன. ஒன்று, எக்ஸ்ட்4 (லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டம் வகை) தன் அமைப்பில் பிழை இருப்பதாகச் சொல்லும் வரி. இன்னொன்று, அதற்குச் சற்று மேலே, குறிப்பிட்ட செக்டரைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும் ஐ/ஓ எரர் வரி. நான் முதல் வகையை மட்டும் படித்தேன். ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது, ரிப்பேர் செய்தால் போதும் என்று முடிவு கட்டினேன். ஐ/ஓ எரர் இருந்தால் டிஸ்க்தான் நோயாளி, ஃபைல் சிஸ்டத்தில் தெரிவது அதன் அறிகுறி. அந்த இடத்தில் முதலில் ஓட்ட வேண்டியது ஸ்மார்ட்சிடிஎல், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும் கட்டளை. அதன் பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். 5 என்பது டிஸ்க் ஏற்கனவே ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. 198 என்பது டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது படிக்க முடியாதவை. 199 மட்டும் ஏறியிருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் தகராறு. கேபிளை மாற்றிப் பார்த்தாலே தீர்ந்துவிடலாம். என் டிஸ்க்கில் 197 அன்று எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. பார்க்கவே இல்லை.

பார்க்காமல் ரீபூட் செய்தேன். இது இரண்டாவது தவறு. ரீபூட்டில் ஜர்னல் (முடிக்காத மாற்றங்களின் குறிப்பேடு) ரீப்ளே ஆகும், எஃப்எஸ்டேப்-இல் (எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) அந்த டிஸ்க்கின் வரியில் கடைசி எண் 2 என்று இருந்தால் தானியங்கிச் சோதனையும் ஓடும். இரண்டுமே டிஸ்க்கில் எழுதும். ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் எக்ஸ்ட்4 ஜர்னலை ரீப்ளே செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தடுக்க ‘நோலோட்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ரீபூட் செய்தே ஆக வேண்டுமென்றால் டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். எனக்கு எமர்ஜென்சி மோடில் வந்து நின்றது. எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகே-வைக் கையால் ஓட்டு என்ற வரி. அதை அன்று நான் கட்டளையாகப் படித்தேன். இன்று யோசித்தால் அது எச்சரிக்கை. பூட்டின்போது தானாக ஓடும் சோதனை சில்லறைப் பிழைகளைத் தானே திருத்தும். திருத்தினால் டேட்டா போகலாம் என்ற கட்டம் வந்தால் நின்றுவிட்டு மனிதனைக் கூப்பிடும். அது சரியாகத்தான் நின்றது. நான்தான் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் ‘-ஒய்’-ஐக் கொடுத்து அதை மறுபடி ஓட்டினேன்.

நடுவில் இன்னொரு குழப்பம். பதற்றத்தில் பார்ட்டிஷன் எண்ணை விட்டுவிட்டு முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டேன். சூப்பர் பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் பிளாக்) மேஜிக் நம்பர் தவறு, 8193 அல்லது 32768-இல் இருக்கும் நகலை முயன்று பார் என்றது. சூப்பர் பிளாக்கே போய்விட்டது என்று நினைத்துக் கை நடுங்கியது. இந்தச் செய்தி வந்தால் முதலில் பெயரைச் சரிபாருங்கள். நிஜமாகவே சூப்பர் பிளாக் போயிருந்தாலும் எக்ஸ்ட்4 அதன் நகல்களைப் பல இடங்களில் வைத்திருக்கிறது. 4 கேபி பிளாக் என்றால் வழக்கமாக 32768, 98304, 163840, 229376 என்று போகும். நகல்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ்-ஐ ‘-என்’ ஆப்ஷனோடு ஓட்டச் சொல்வார்கள். அந்த ஒற்றை எழுத்தை மறந்தால் டிஸ்க் ஃபார்மட் ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் அந்தக் கட்டளையை டைப் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் டம்ப்இ2எஃப்எஸ்-இல் சூப்பர் பிளாக் எண்ணையும் பிளாக் அளவையும் கொடுத்துக் கேளுங்கள். அது எதையும் எழுதாது.

சரியான பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே மூன்று மணி நேரம் ஓடியது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. குறிப்பிட்ட பிளாக்கைப் படிக்க முடியவில்லை, பிழையைப் பொருட்படுத்தாமல் போகலாமா? ஆம். கட்டாயமாகத் திரும்ப எழுதலாமா? ஆம். இந்த ஜோடிக் கேள்வி நூற்றுக்கணக்கான முறை வந்தது. ஏதோ வேலை நடக்கிறது என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். நடந்தது என்னவென்றால், படிக்க முடியாத பிளாக்குக்குப் பதிலாக நினைவகத்தில் இருந்த வெற்றுப் பூஜ்யங்களை அது டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. படிக்க முடியாமல் தொங்கும் செக்டரில் புதிதாக எழுதினால் டிஸ்க் சந்தோஷமாக அதை ஏற்றுக்கொள்ளும், வேண்டுமானால் மாற்று இடத்தில் எழுதிக்கொள்ளும். அத்தோடு பழைய உள்ளடக்கத்தை இன்னும் நாலு முறை முயன்று படிக்கும் வாய்ப்பு நிரந்தரமாகப் போய்விடும். என் துரதிர்ஷ்டம், கெட்டுப்போன பகுதி ஐநோட் டேபிளில் விழுந்திருந்தது. ஐநோட் என்பது ஒரு ஃபைலின் டேட்டா டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பதிவு. ஒரு ஐநோட் 256 பைட். ஒரு 4 கேபி பிளாக்கில் 16 ஐநோட்கள். ஆக, ஒவ்வொரு ‘ஆம்’-க்கும் 16 ஃபைல்களோ ஃபோல்டர்களோ தங்கள் முகவரியை இழந்தன. எக்ஸ்ட்4 வழக்கமாகப் பதினாறு பிளாக் குரூப்களின் ஐநோட் டேபிளைச் சேர்த்து ஒரே இடத்தில் வைக்கும். என் டிஸ்க்கில் அது 32 எம்பி நீளம். ஒரு சின்னக் கீறல் அங்கே விழுந்தால் ஆயிரக்கணக்கில் போவது இதனால்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று மணி நேரத்தில் ஓடிய வரிகளை நான் சேமிக்கவில்லை. ‘ஸ்க்ரிப்ட்’ என்ற கட்டளையைப் போட்டுவிட்டு ஆரம்பித்திருந்தால் எந்த ஐநோட்கள் அழிந்தன என்ற பட்டியலாவது கையில் இருந்திருக்கும்.

முடிந்ததும் மவுண்ட் செய்தேன், ஆனது. சாம்பாவை எழுப்பிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து "சரியாயிடுச்சும்மா" என்றேன். இருபது நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டார். ஒரு பெரிய பையரின் ஃபோல்டரே காணவில்லை. எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று தெரியாதவற்றை எஃப்எஸ்சிகே போட்டு வைக்கும் லாஸ்ட்+ஃபவுண்ட் உள்ளே போய்ப் பார்த்தேன். 9,400 உருப்படிகள், எல்லாவற்றுக்கும் # போட்டு எண் மட்டும்தான் பெயர். வயிற்றைப் பிசைந்தது. பேக்கப் டிஸ்க்கை எடுத்தேன். கடைசியாக அதில் எழுதியது ஐந்து மாதம் முன்பு. ஒரு மின்வெட்டுக்குப் பிறகு அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாமலே இருந்திருக்கிறது. பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் தினமும் பிழையோடு முடிந்து, அந்தத் தகவல் ரூட்டின் மெயில் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. அதை நான் திறந்ததே இல்லை. அந்த நேரத்து அவமானத்தை இப்போதும் நினைத்தால் முகம் சுடுகிறது.

ராத்திரி ஒரு மணிக்கு என் பழைய சீனியருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "தம்பி, இப்ப அந்த டிஸ்க் ஓடிட்டிருக்கா?" "ஆமாண்ணா." "முதல்ல ஆஃப் பண்ணு. பேசறதெல்லாம் அப்புறம்." ஆஃப் செய்தேன். "இனிமே அந்த டிஸ்க்கை ஒரே ஒரு தடவைதான் ஆன் பண்ணணும், அதுவும் காப்பி எடுக்க. எந்த ரிப்பேர் டூலும் அது மேல ஓடக் கூடாது. எஃப்எஸ்சிகே உன் டேட்டாவைக் காப்பாத்தற டூல் கிடையாதுப்பா. ஃபைல் சிஸ்டத்தோட கணக்கு நேரா வந்தா அதுக்குப் போதும். கணக்குல சேராததை வெட்டி எறிஞ்சுதான் நேராக்கும்." இத்தனை வருஷம் அந்தக் கட்டளையை ஓட்டியிருக்கிறேன், இப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போய்க் கடைக்காரரைக் கெஞ்சிக் கடையைத் திறக்க வைத்து 8 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், 39,000 ரூபாய். ஒன்று காப்பிக்கு, இன்னொன்று மீட்டதைப் போட. குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவியில் காப்பி ஆரம்பித்தேன். சாதாரண டிடி-யை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நன்றாகப் படிக்கக் கிடைப்பதை வேகமாக அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும். அடுத்தடுத்த சுற்றுகளில் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து சுரண்டும். எங்கே படித்தது, எங்கே முடியவில்லை என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். மேப் ஃபைலைக் கொடுக்க மறந்தால் பாதியில் நின்றதும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதைச் சாகும் டிஸ்க்கில் வைக்காமல் வேறு டிஸ்க்கில் வையுங்கள். முதல் ஓட்டத்துக்கு ‘-என்’ கொடுத்துச் சுரண்டலைத் தள்ளிப் போடுங்கள். எனக்கு அந்த முதல் ஓட்டம் 14 மணி நேரம் பிடித்தது. பிறகு சுரண்டலுக்கு மட்டும் மூன்று நாள்.

முதலில் டிஸ்க்கை யுஎஸ்பி டாக்கில் போட்டிருந்தேன். ஒவ்வொரு பிழைக்கும் டாக் ரீசெட் ஆகி, டிஸ்க் எஸ்டிபி என்பதிலிருந்து எஸ்டிடி என்று பெயர் மாறி வந்தது. டிடிரெஸ்க்யூவில் முதலில் எழுதுவது மூலம், இரண்டாவது எழுதுவது போய்ச் சேரும் இடம். பெயர் மாறியதைக் கவனிக்காமல் அம்பு விசையில் பழைய கட்டளையை வரவழைத்து என்டர் அழுத்தப் போனேன். அந்தப் பழைய பெயரில் வேறு டிஸ்க் வந்து உட்கார்ந்திருந்தால் அதன் உள்ளடக்கம் என் காப்பிக்குள் கலந்திருக்கும். அதன் பிறகு சீரியல் எண்ணோடு வரும் ‘பை-ஐடி’ பெயரை மட்டுமே பயன்படுத்தினேன். டிஸ்க்கை நேரே சாட்டா போர்ட்டில் மாட்டினேன்.

சுரண்டல் முடிந்தபோது படிக்காமல் விட்டது வெறும் 4.7 எம்பி. 4 டெராபைட்டில் 4.7 எம்பி. தப்பித்தேன் என்று சீனியரிடம் சொன்னேன். "எஃப்எஸ்சிகே எழுதின பூஜ்யம் எல்லாம் நல்லாத்தானே படிக்க வரும்?" என்றார். சரிதான். மேப் ஃபைல் ‘படித்தேன்’ என்று காட்டிய இடங்களில்தான் என் நிஜ இழப்பு ஒளிந்திருந்தது. எஃப்எஸ்சிகே ஓட்டுவதற்கு முன் இந்தக் காப்பியை எடுத்திருந்தால் அந்த ஐநோட்களில் கணிசமானவை இந்த மூன்று நாள் சுரண்டலில் வந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். சென்னையில் ஒரு டேட்டா ரெக்கவரி லேபில் விசாரித்தேன். 60,000 சொன்னார்கள், ஆனால் மேலே எழுதப்பட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் படிக்காமல் போன அந்த 4.7 எம்பி எந்த ஃபைல்களில் விழுந்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். மேப் ஃபைலில் இடங்கள் ஹெக்ஸ் எண்ணில் இருக்கும். அதைப் பதின்ம எண்ணாக்கி, பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். செக்டர் 2048-இல் தொடங்கினால் 1048576 பைட். மிச்சத்தை 4096-ஆல் வகுத்தால் பிளாக் எண். டிபக்எஃப்எஸ் என்ற கருவியைத் திறந்து ஐசெக் என்று அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த ஐநோட் என்று சொல்லும், என்செக் கொடுத்தால் எந்தப் பாதை என்று சொல்லும். முப்பத்தொரு ஃபைல்கள் என்று தெரிந்தது. பெரும்பாலும் போட்டோக்கள்.

டிபக்எஃப்எஸ்-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பெயரைக் கேட்டுப் பயந்து பல வருஷம் அதைத் தொடாமலே இருந்தேன். ‘-டபிள்யூ’ கொடுக்காத வரை அது எதையும் எழுதாது. எஃப்எஸ்சிகே-வைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பானது. ‘-சி’ கொடுத்தால் கெட்டுப்போன பிட்மேப்களைப் படிக்காமலே திறக்கும். மவுண்ட் ஆகாத ஃபைல் சிஸ்டத்திலிருந்தும் ஆர்டம்ப் என்ற கட்டளையால் ஒரு ஃபோல்டரை அப்படியே வெளியே இழுத்துப் போட்டுவிடலாம். அந்தச் சனிக்கிழமை இது தெரிந்திருந்தால் முக்கியமான ஃபோல்டர்களை இப்படியே எடுத்திருப்பேன்.

காப்பியின் மேலும் நேரடியாக வேலை செய்யவில்லை. காப்பியாக எடுத்த இமேஜ் ஃபைலை, ஃபைலை டிஸ்க் போலக் காட்டும் லோசெட்டப்-பில் ரீட் ஒன்லியாக மாட்டி, அதன் மேல் டிஎம்செட்டப்-பின் ஸ்னாப்ஷாட் ஒன்றைப் போர்த்தினேன். எழுதுவதெல்லாம் தனி ஃபைலில் போகும், கெடுத்துவிட்டால் அதை அழித்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஆரம்பிக்கலாம். எஃப்எஸ்சிகே-வைப் பயமில்லாமல் ஏழெட்டு முறை விதவிதமாக ஓட்டிப் பார்த்தது அதனால்தான். இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால் இ2எஃப்எஸ்சிகே-வில் (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே) ‘-இசட்’ என்று ஒன்று இருக்கிறது. மாற்றுவதற்கு முன் பழைய பிளாக்குகளை ஒரு ஃபைலில் சேமிக்கும், பிறகு இ2அண்டூ வைத்துத் திருப்பிவிடலாம். எதை ஓட்டினாலும் முதலில் ‘-என்’ கொடுத்து, என்னென்ன மாற்றப் போகிறது என்று படித்துவிடுங்கள்.

இப்போது லாஸ்ட்+ஃபவுண்ட். அதிலுள்ள 9,400-இல் அறுநூற்றுச் சொச்சம் ஃபோல்டர்கள். அவற்றின் மேல் பெயர் மட்டும்தான் போயிருந்தது, உள்ளே எல்லாம் பத்திரம். திறந்து பார்த்தே எந்த பையர், எந்த சீசன் என்று சொல்லிவிடலாம். தலைவலி தனி ஃபைல்கள். எக்ஸ்ட்4-இல் ஃபைலின் பெயர் ஐநோட்டில் இருக்காது, அது இருக்கும் ஃபோல்டரின் டேட்டா பிளாக்கில்தான் இருக்கும், ஐநோட் எண்ணோடு ஜோடியாக. ஃபோல்டரின் ஐநோட் பூஜ்யமானாலும் அந்த டேட்டா பிளாக் யாருக்கும் சொந்தமில்லாமல் டிஸ்க்கில் எங்கோ கிடக்கும். சீனியர்தான் இதைச் சொன்னார். ஃபோல்டரின் முதல் பிளாக் எப்போதும் ஒற்றைப் புள்ளியில் தொடங்கும். முதல் நான்கு பைட் அதன் சொந்த ஐநோட் எண், அதையடுத்து 0சி 00 01 02 2ஈ 00 00 00 என்ற எட்டு பைட் மாறாமல் வரும். அதற்குப் பின் இரட்டைப் புள்ளி, அதோடு தாய் ஃபோல்டரின் எண். முழு இமேஜையும் 4096 பைட்டாகப் படித்து இந்த அடையாளத்தைத் தேடும் பைதான் ஸ்க்ரிப்ட் ஒன்று எழுதினேன், நாற்பது வரிகூட வராது. ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. விடிகாலையில் திரையில் தொலைந்த ஃபோல்டர்களின் பெயர்ப் பட்டியல் வர ஆரம்பித்தபோது அழுதுவிட்டேன். # போட்ட எண்தான் ஐநோட் எண், ஆகவே பட்டியலில் தேடிப் பெயரை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரே பிளாக்கில் அடங்கிய சின்ன ஃபோல்டர்களுக்கு இது பிரமாதமாக வேலை செய்தது. ஆயிரக்கணக்கான போட்டோக்கள் உள்ள பெரிய ஃபோல்டர்களில் இரண்டாம் பிளாக்கிலிருந்து அந்தப் புள்ளி அடையாளம் இருக்காது, அவற்றைப் பிடிக்க முடியவில்லை. நான் சாம்பாவை எழுப்பிவிட்ட அந்த இருபது நிமிஷத்தில் சில பிளாக்குகளின் மேல் புது ஃபைல்களும் ஏறியிருந்தன.

ஐநோட்டே அழிந்துபோன ஃபைல்களுக்கு ஃபோட்டோரெக் ஓட்டினேன். அது ஃபைல் சிஸ்டத்தைப் பார்க்காமல் உள்ளடக்கத்தின் தலைப்பை வைத்துத் தோண்டும், பெயரும் தராது ஃபோல்டரும் தராது. மேலோட்டமாகப் பார்த்ததில் பிடிஎஃப்-களும் ஜேபெக்-களும் வந்தன, துண்டு துண்டாகச் சிதறியிருந்த பெரிய ஃபைல்கள் வரவில்லை.

இந்த வேலையில் நான் கற்றதிலேயே மிக மலிவான காப்பு இது. இப்போது தினமும் ராத்திரி ‘ஃபைண்ட்’ கட்டளையால் ஒவ்வொரு ஃபைலின் ஐநோட் எண், அளவு, நேரம், முழுப் பாதை ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதிச் சுருக்கி வேறு மெஷினுக்கு அனுப்புகிறேன். சில எம்பி-தான் வருகிறது. இது கையில் இருந்திருந்தால் லாஸ்ட்+ஃபவுண்ட் முழுவதையும் பத்து நிமிஷத்தில் பெயரோடு திரும்ப வைத்திருப்பேன். வாரம் ஒருமுறை இ2இமேஜ் வைத்து மெட்டாடேட்டாவையும் எடுத்து வைக்கிறேன். பேக்கப் ஸ்க்ரிப்ட்டில் முதல் வரியே, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆகவில்லை என்றால் என் போனுக்கு மெசேஜ் வரும்.

வேறு ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஆபத்து இதேதான், பெயர்கள் மட்டும் மாறும். எக்ஸ்எஃப்எஸ்-இல் எஃப்எஸ்சிகே ஓட்டினால் எதுவுமே செய்யாமல் திரும்பிவிடும், எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்தான் கருவி. அதில் ‘-எல்’ கொடுத்தால் லாக்கையே (அதன் ஜர்னலை) பூஜ்யமாக்கும், டிஸ்க்கில் இன்னும் சேராத மாற்றங்கள் போய்விடும். மவுண்ட் செய்து லாக்கை ரீப்ளே ஆக விடுவதுதான் முதல் முயற்சி. பிடிஆர்எஃப்எஸ்-இல் ‘செக்’ கட்டளையோடு ‘ரிப்பேர்’ சேர்ப்பதை, விஷயம் தெரிந்தவர் சொல்லாமல் செய்யாதே என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

வெள்ளிக்கிழமை முதலாளி அறைக்குப் போனேன். ஆறு நாளில் சரியாகத் தூங்கியதே இல்லை. "எல்லாம் கிடைச்சிருச்சுங்களா?" என்றார். 2,300 ஃபைல்கள் வரவில்லை என்று சொன்னேன், எஃப்எஸ்சிகே ஓட்டியது என் தவறு என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு எந்த ஆர்டர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். நான்கு ஸ்டைலுக்குப் பேட்டர்ன் புதிதாகப் போட்டு சாம்பிள் தைக்க வேண்டி வந்தது, துணி, கூலி, கூரியர் சேர்த்து 1,60,000 ரூபாய் ஆனது. ஒரு பையரிடம் ஒன்பது நாள் அவகாசம் கேட்டோம்.

ஃபோட்டோரெக் தோண்டியெடுத்ததில் 412 பேட்டர்ன் படங்கள் இன்னும் ‘பெயர் இல்லாதவை’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. போன வாரம் கட்டிங் மாஸ்டர் ஒருவர் என் மேஜைப் பக்கம் வந்தபோது ஒன்றைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது அந்தக் குழந்தைங்க டி-ஷர்ட்டுங்க, 2018-ல போட்டது. கழுத்துல ஒரு சென்டிமீட்டர் கூடுதலா வெச்சோமே." பெயர் போட்டு உரிய இடத்தில் வைத்தேன். இன்னும் 411 இருக்கிறது.